மரம் பிழைக்கும், காய்க்குமா?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் போகும் சாலையில் கோமுகி அணை வரைக்கும் கரும்பும் மரவள்ளியும் மக்காச்சோளமும்தான். வீட்டுக் கொல்லைகளில் தென்னை, முருங்கை, பப்பாளி, வாழை. அணையைத் தாண்டி மலையேற ஆரம்பித்ததும் முதலில் முட்புதர், பிறகு இலையுதிர் காடு, அப்புறம் கடுக்காயும் புளியும். மேட்டுநிலத்துக்குப் போய்ச் சேரும்போது தென்னை அரிதாகிவிடும். பலாவுக்கோ அதுதான் சொந்த ஊர். சின்னக் கல்வராயன் சராசரியாக 2,700 அடி, பெரிய கல்வராயன் 4,000 அடி உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அப்படிப் பார்த்தால் மலைத்தலையில் கள்ளக்குறிச்சியைவிட நாலரை டிகிரியிலிருந்து ஏழு டிகிரி வரை குறைவாக இருக்கும். மனிதருக்கு அது ஒரு சால்வை. மரத்துக்கு அது வேறு நாடு.

வெப்பமண்டலப் பழமரத்தைக் குளிர்ந்த இடத்தில், அதுவும் வீட்டில், வளர்க்க முடியுமா? இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பல இடங்களில் இருக்கிறார்கள். கொடைக்கானலில் ஓய்வுகாலத்துக்கு வீடு கட்டியவர், வாசலில் ஒரு மா நிற்கவேண்டும் என்கிறார். டொராண்டோவிலும் லண்டனிலும் ஒஸ்லோவிலும் இருக்கும் தமிழர்கள் தொட்டியில் வாழையும் எலுமிச்சையும் வைத்துப் பார்க்கிறார்கள். கல்வராயன் மலையில் மரவள்ளியை மட்டும் நம்பியிருக்கும் மலையாளிப் பழங்குடி விவசாயியும் காசு தரும் பழமரம் எது என்று கேட்கிறார். மலை வேளாண்மை நூல் ஒரு பதிலையும் கண்ணாடிவீட்டு நூல் வேறொரு பதிலையும் சொல்லும். மரத்துக்கு இந்தப் பிரிவினை தெரியாது. அதற்கு எல்லாம் வெப்பம், வெளிச்சம், வேரடி ஈரம் என்ற ஒரே கணக்குதான். கல்வராயன் சாலையின் வசதி என்னவென்றால், அந்தக் கணக்கை ஒரே பேருந்துப் பயணத்தில் கண்ணால் பார்த்துவிடலாம்.

குளிர் என்றதும் ‘செத்துவிடுமா’ என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். அது கேள்வியின் கால்வாசிதான். உயிரோடிருக்க ஒரு வெப்பம், வளர ஒரு வெப்பம், பூக்க ஒன்று, பூ பிஞ்சாக ஒன்று, பிஞ்சு இனிப்பாகப் பழுக்க ஒன்று. ஒவ்வொன்றுக்கும் எல்லை தனித்தனி. குளிர்நாட்டில் ‘என் மரம் நன்றாக இருக்கிறது’ என்று படம் அனுப்புகிறவர்களில் பெரும்பாலோர் முதல் இரண்டு படியைத்தான் தாண்டியிருப்பார்கள்.

மாமரத்தை எடுத்துக்கொள்வோம். வெயிலுக்கே பிறந்த மரம் என்று நாம் நினைப்பது. ஆனால் கள்ளக்குறிச்சிச் சமவெளியில் மா எப்போது பூக்கிறது? மார்கழியிலும் தையிலும். இரவு 15 டிகிரிக்கு அருகிலோ கீழேயோ இறங்கினால் முதிர்ந்த கிளை நுனிகள் இலையை விட்டுப் பூங்கொத்துக்குத் தாவுகின்றன. நம்மைப் போன்ற வெப்பமான இடத்தில் அத்தனை குளிர் கிடைக்காவிட்டாலும், கிளைக்குப் போதிய வயதாகி, மழை நின்ற வறட்சியும் சேர்ந்தால் பூத்துவிடும். குளிர் கிடைத்தாலோ ஊர் முழுக்க ஒரே வாரத்தில் வாசனை. ஆக மாவுக்குக் குளிர் வேண்டும். எவ்வளவு என்பதில்தான் சிக்கல். பூ உருவாகும் நாட்களில் இரவு 10 டிகிரிக்குக் கீழே போய்க்கொண்டே இருந்தால் மகரந்தம் கெட்டுவிடும். மரம் முழுக்கப் பூ இருக்கும், பிஞ்சு பிடிக்காது. பிடித்தாலும் கொட்டை வளராமல் சூம்பி, எலுமிச்சை அளவோடு நின்றுவிடும். ஸ்பெயினின் தென்கரையிலும் இஸ்ரேலிலும் மா பயிரிடுகிறவர்களுக்கு இந்தச் சூம்பல் காய் பழக்கமான தலைவலி. குளிரோடு ஈரக்காற்றும் சேர்ந்தால் பூங்கொத்தில் சாம்பல் நோய் வந்து மாவு தூவியது போல ஆகிவிடும். பூவை வரவழைக்கும் குளிருக்கும் பூவை மலடாக்கும் குளிருக்கும் நடுவே நாலைந்து டிகிரிதான் இடைவெளி. கொடைக்கானல் உயரத்தில் மா இலை தளதளவென்று நின்றும் காய்க்காமல் ஏமாற்றுவதற்கு இதைவிடப் பெரிய மர்மம் எதுவும் இல்லை.

வாழையின் கதை வேறு. சுமார் 14 டிகிரிக்குக் கீழே அதன் வளர்ச்சி ஏறத்தாழ நின்றே போகும். ஏற்றுமதி வாழைக்காயைக் கப்பலில் 13, 14 டிகிரியில்தான் வைப்பார்கள். அதற்குக் கீழே போனால் தோல் கறுத்துவிடும். வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்த பழம் மறுநாள் கறுத்திருப்பதும் அதே காயம்தான். மரத்தில் இது இன்னொரு விதமாக வெளிப்படும். குலை தள்ளும் சமயத்தில் குளிர் வந்தால் தண்டுக்குள் ஏறிவரும் பூத்தண்டு நீளாமல் மேலே இலைக்காம்புகளுக்கிடையே சிக்கிக்கொள்ளும். பாதிக் குலை வெளியே, பாதி உள்ளே. சில சமயம் தண்டின் பக்கவாட்டைக் கிழித்துக்கொண்டு வரும். வீட்டில் வாழை வைப்பவர் எந்த மாதத்தில் குலை தள்ளும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டுக் கன்று நடவேண்டும் என்பது இதனால்தான்.

ஆனால் வாழையில் எல்லாமே ஒரே மாதிரி இல்லை. கீழ்ப் பழனி மலையின் விருப்பாச்சியும் சிறுமலையின் வாழையும் 2,000 அடியிலிருந்து 5,000 அடி வரை மழையை மட்டும் நம்பி விளைபவை. 2008-இல் இரண்டும் புவிசார் குறியீடு பெற்றன. சமவெளி வாழையைவிட இவை நிதானமாகத்தான் குலை தள்ளும். குளிரில் மெதுவாக முதிர்வதால் பழம் சின்னதாக, சதை இறுகலாக, மணமாக இருக்கும். பழனிப் பஞ்சாமிர்தத்தின் கைமணத்தில் பாதி இந்தக் குளிருக்குச் சேரவேண்டியது என்பது என் எண்ணம். அசுவினி பரப்பும் முடிக்கொத்து நோய் இந்தத் தோட்டங்களைக் கிட்டத்தட்ட அழித்துவிட்டது. பிறகு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் திசு வளர்ப்பில் நோயற்ற கன்றுகளை உண்டாக்கித் தந்து மறுபடி நடவைத்தது. குளிர்நாட்டில் வாழை வைப்பவர்கள் இலையின் அழகைப் பார்க்காமல் இப்படி மலைக்குப் பழகிய ரகங்களைத் தேடவேண்டும்.

பப்பாளி குளிரில் சாகாமலே கெட்டுப்போகும் மரம். இரவு குளிர்ந்தால் இருபால் பூவில் கேசரம் சூலகத்தோடு ஒட்டிக்கொண்டு வளர்ந்து, காய் கோணி, மடிப்பு விழுந்து பிறக்கும். பழுத்தாலும் இனிப்பிருக்காது. மார்கழிப் பப்பாளி சப்பென்றிருப்பது சமவெளியிலேயே தெரிந்ததுதானே. பலா அதைவிடப் பொறுமைசாலி. முதிர்ந்த மரம் உறைநிலையையும் சிறிது நேரம் தாங்கும். ஆனால் குளிர் ஏற ஏறக் காய்ப்புக்கு வரும் வயது தள்ளிப்போகும். மலைப் பலா சமவெளிப் பலாவுக்குப் பின்தங்கியே பழுப்பதால், பண்ருட்டிப் பழம் குவிந்து ஓய்ந்த பிறகு சந்தைக்கு வரும். அந்தப் பின்தங்கலே மலை விவசாயிக்கு லாபம்.

தலைகீழான உதாரணம் ஒன்று உண்டு: லிச்சி. கள்ளக்குறிச்சியில் லிச்சிக் கன்று வைத்தால் மரமாகும், நிழல் தரும், பூக்காது. பூப்பதற்கு வேண்டிய குளிர் அங்கே இல்லை. குடகிலும் வயநாட்டிலும் நீலகிரிச் சரிவிலும் காய்க்கிறது. அதுவும் வடநாட்டில் போல மே, ஜூனில் இல்லாமல் டிசம்பரை ஒட்டிப் பழுக்கிறது. வெப்பமண்டலப் பழம் என்று நாம் ஒரே கூடையில் போடுபவற்றில் சிலது குளிரை வெறுக்கும், சிலது குளிரை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும். கூடையைப் பிரிக்காமல் வளர்ப்பு முறை எழுதுவது வீண்.

பிரிப்பதற்கு நல்ல வழி, அந்த மரத்தின் மூதாதை எந்த உயரத்தில் வாழ்ந்தது என்று பார்ப்பதே. சீத்தாப்பழம் வறண்ட தாழ்நிலத்து மரம். அதன் பங்காளி செரிமோயா ஆண்டிஸ் மலையின் குளிர்ந்த பள்ளத்தாக்குக்காரன். சதை கிட்டத்தட்ட அதே சுவை. தாங்கும் குளிர் வேறு. கொடைக்கானல் சாலையோரத்தில் கூடை கூடையாக விற்கும் தாட்பூட் பழமும் மரத்தக்காளியும் தென்னமெரிக்கச் சரக்கு. இலங்கையில் கொடித்தோடை என்பதும் இந்தத் தாட்பூட்தான். ஊதாத்தோல் வகை குளிரையும், மஞ்சள்தோல் வகை வெப்பத்தையும் விரும்பும். பட்டர் ஃப்ரூட்டிலும் மெக்சிகோ மேட்டுநில வகை குளிர் தாங்கும், மேற்கிந்தியத் தீவு வகை தாங்காது. கீழ்ப் பழனியின் தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.கே.டி.1 நம் மலைகளுக்கென்றே தேர்ந்தெடுத்தது. மங்குஸ்தானும் ரம்புட்டானும் துரியனும் எதிர்முனை. நீலகிரியில் அவை காய்ப்பது ஊட்டியிலோ குன்னூரிலோ இல்லை. மேட்டுப்பாளையம் பக்கத்துக் கல்லாறு, பர்லியாறு அரசுப் பழப்பண்ணைகளில், மலையின் காலடியில். தோட்டக்கலைத் துறைக்கு நூறு வருஷமாகத் தெரிந்த இந்த விஷயத்தை, ஊட்டியில் மங்குஸ்தான் கன்று விற்கிறவர் சொல்லமாட்டார்.

உயரம் ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிப்பதும் இல்லை. ஊட்டியில் நவம்பர் கடைசியிலிருந்து உறைபனி விழும்போது முதலில் வெளுப்பது குதிரைப் பந்தய மைதானம், காந்தல், தலைக்குந்தா போன்ற தாழ்வான இடங்கள். இரவில் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. பள்ளத்தில் புல் கருகிக் கிடக்கும்போது நூறடி மேலே சரிவில் இருக்கும் செடிக்கு ஒன்றும் ஆவதில்லை. கல்வராயனில் உறைபனி கிடையாது என்றாலும் அங்கேயும் கிண்ணம் போன்ற பள்ளங்களும் சுற்றிலும் சரிவும்தான் நில அமைப்பு. மார்கழி இரவுகளில் இதே கணக்குதான் வேலை செய்யும். குளிருக்கு அஞ்சும் கன்றைப் பள்ளத்தின் வளமான மண்ணில் வைப்பதைவிடச் சரிவின் தோளில் சுமாரான மண்ணில் வைப்பது மேல். வீட்டுத் தோட்டத்திலும் அப்படித்தான். காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, மேற்கு வெயிலில் சூடேறிய சுவர் இரவெல்லாம் வெப்பத்தைக் கக்கும் இடத்தில் கன்று வைத்தால் இரண்டு மூன்று டிகிரி சும்மா கிடைக்கும்.

மூடி வைக்கும் கலையில் நம் நாட்டு வழக்கங்கள் பல உண்டு. ஊட்டி தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் செடிகளை மிலார்ச் செடி கொண்டு மூடுவார்கள். விடிந்ததும் வெயில் படுவதற்கு முன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைப்பார்கள். பஞ்சாபிலும் இமாசலத்தின் தாழ்குன்றுகளிலும் மாங்கன்றைச் சுற்றி வைக்கோலும் நாணலும் வேய்ந்து ஒரு சிறு கூம்புக் குடிசை கட்டுகிறார்கள். அதில் தென்கிழக்குப் பக்கத்தை மட்டும் திறந்துவிடுவது முக்கியம். காலை வெயில் உள்ளே நுழையும், வடக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வரும் வாடை நுழையாது. பனி வரும் என்று தெரிந்த மாலையில் லேசாக ஒரு பாசனம்; ஈர மண் பகலில் வாங்கிய சூட்டை இரவில் மெல்ல விடும். பிளாஸ்டிக் தாளைக் கன்றின்மேல் நேரடியாகச் சுற்றுகிறவர்களைப் பார்க்கிறேன். இலை தாளைத் தொடும் இடமெல்லாம் கருகும். சணல்சாக்கு ஆயிரம் மடங்கு நல்லது.

இனி பனிநாடுகளுக்கு வருவோம். ஐரோப்பியர்கள் இந்த விளையாட்டில் இறங்கி முந்நூறு வருஷத்துக்கு மேலாகிறது. முதலில் அன்னாசி. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹாலந்துக்காரர்கள் அதைக் காய்க்க வைத்தார்கள்; இங்கிலாந்து பின்தொடர்ந்தது. காற்றைச் சூடாக்குவது அவர்களுக்குப் பெரிய காரியமாக இல்லை, அடுப்பெரித்தால் போதும். வேரைச் சூடாக வைப்பதுதான் புதிராக இருந்தது. தோல் பதனிடும் இடங்களில் மிஞ்சிய ஓக் மரப்பட்டைத் தூளைக் குழியில் நிரப்பி அதில் தொட்டிகளைப் புதைத்தார்கள். பட்டை மெதுவாக நொதித்து மாதக்கணக்கில் சீரான சூடு தந்தது. குதிரைச் சாணம் சீக்கிரம் கொதித்து சீக்கிரம் ஆறிவிடும், பட்டை அப்படியில்லை. ஆனாலும் சாணக்குழி முறையும் நீடித்தது. கார்ன்வாலின் ஹெலிகன் தோட்டத்தில் சாணச் சூட்டில் அன்னாசி விளைவித்த பழைய குழியைப் புதுப்பித்து இன்றும் காட்டுகிறார்கள்.

1736-இல் ஹாலந்தின் ஹார்டெகாம்ப் தோட்டத்தில் ஒரு வாழை பூத்தது. ஜார்ஜ் கிளிஃபர்ட் என்ற பணக்கார வணிகரின் தோட்டம் அது. அங்கே வேலை பார்த்த இளைஞர் லின்னேயஸ், பின்னாளில் உயிரினங்களுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைத்தவர். அதுவரை ஹாலந்துக் கண்ணாடி வீடுகளில் வாழை இலைக்காக மட்டுமே நின்றுகொண்டிருந்தது. லின்னேயஸும் தோட்டக்காரரும் செய்தது சின்னக் காரியம். வளமான மண்ணில் வைத்து, சில வாரம் தண்ணீரை நிறுத்திக் காயவிட்டு, பிறகு மழை கொட்டியது போல ஊற்றினார்கள். சூடு முன்பே இருந்தது. வறட்சியும் மழையும் மாறி மாறி வரும் பருவம்தான் இல்லாமலிருந்தது. அதையும் உண்டாக்கிக் கொடுத்ததும் மரம் வழிக்கு வந்தது. லின்னேயஸ் அந்த ஒரு மரத்தைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். வீட்டுக்குள் மரம் வளர்ப்பவர்கள் ஹீட்டர் வாங்குவதற்கு முன் இந்தச் செய்தியைப் படிக்கவேண்டும்.

நூறு வருஷம் கழித்து இங்கிலாந்தில் டெவன்ஷயர் பிரபுவின் சாட்ஸ்வொர்த் மாளிகையில், தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன், மொரீஷியஸ் வழியாக வந்த ஒரு குள்ள வாழையைக் கண்ணாடி வீட்டில் வளர்த்தார். 1835 நவம்பரில் பூத்தது. மறுவருஷம் பழுத்துப் பதக்கமும் வாங்கியது. பிரபுவின் குடும்பப் பெயரையே அதற்கு வைத்தார்கள்: கேவண்டிஷ். அதன் கன்றுகளை ஜான் வில்லியம்ஸ் என்ற பாதிரியார் சமோவாவுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து பசிபிக் தீவுகளெங்கும் பரவியது. இன்று கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துத் தள்ளுவண்டியில் மோரீஸ் என்றும் ஜி9 என்றும் விற்கும் பழங்கள் அதே கேவண்டிஷ் குடும்பம். குள்ளமாகவும் தடித்தும் இருந்ததால்தான் அந்த வாழைக்குக் கண்ணாடிக் கூரைக்குள் இடம் கிடைத்தது. குளிர்நாட்டு வீட்டுக்கும் முதல் தகுதி குறைந்த உயரம்தான். பூவனையோ நேந்திரனையோ தொட்டியில் வைத்துவிட்டுக் கூரையை இடிக்க முடியாது.

இருபதாம் நூற்றாண்டில் முயற்சிகள் பல திசைகளில் போயின. சோவியத் நாட்டில் எலுமிச்சையையும் ஆரஞ்சையும் ஆழமான அகழிகளில் நட்டு, மரத்தைத் தரையோடு படரும்படி வளைத்துப் பழக்கி, குளிர்காலத்தில் அகழிமேல் பலகையும் பாயும் போட்டு மூடினார்கள். மண்ணின் சூடே அவர்களுடைய அடுப்பு. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், தபால்காரராக இருந்து ஓய்வுபெற்ற ரஸ் ஃபின்ச் அதையே வேறு விதமாகச் செய்தார். தரையைத் தோண்டி இறக்கி, தெற்குப் பார்த்த சாய்கூரை வைத்து, எட்டடி ஆழத்தில் புதைத்த குழாய்கள் வழியே காற்றைச் சுழலவிட்டார். மேலே பனி, எட்டடி கீழே வருஷம் முழுக்க 11 டிகிரி. அதை வைத்தே ஆரஞ்சு காய்க்க வைத்தார். ஐஸ்லாந்தில் பூமியிலிருந்து பொங்கும் வெந்நீரை வைத்துக் கண்ணாடி வீட்டில் இன்றும் வாழை வளர்கிறது. சூட்டுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் வடக்கத்திய குளிர்காலத்தில் வெளிச்சம் இல்லாததால் ஒரு குலை முடிய இரண்டு வருஷம் வரை ஆகிறது. இறக்குமதிப் பழத்தின் விலையோடு போட்டியிட முடியவில்லை. ஜப்பானின் ஹொக்கைடோவில் இன்னும் வினோதம்: குளிர்காலத்துப் பனியைச் சேமித்துக் கோடையில் மா வேரைக் குளிர்விக்கிறார்கள், குளிர்காலத்தில் வெந்நீர் ஊற்றால் சூடாக்குகிறார்கள். பருவத்தையே திருப்பிப் போட்டு டிசம்பரில் பழம் பறிக்கிறார்கள். விலையைக் கேட்டால் நம் சேலத்து மாம்பழ வியாபாரிக்கு மூச்சு நின்றுவிடும்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் என் முடிவு இது: சூட்டை உண்டாக்குவது சுலபம், வெளிச்சத்தை உண்டாக்குவதுதான் கஷ்டம். டிசம்பர் கடைசியில் கள்ளக்குறிச்சியில் பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம். டொராண்டோவில் ஒன்பது, லண்டனில் எட்டு, ஒஸ்லோவில் ஆறு. நம் ஊர் நண்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ். குளிர்நாட்டு வீட்டில் ஜன்னலிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி வைத்த தொட்டிக்குச் சில ஆயிரம் கிடைத்தாலே அதிர்ஷ்டம். மனிதக் கண் இருளுக்குப் பழகிக்கொள்வதால் நமக்கு இந்த வித்தியாசம் உறைப்பதில்லை. ஹாலில் வெதுவெதுவென்று 22 டிகிரி இருக்கிறது, மரம் சந்தோஷமாக இருக்கும் என்று நினைக்கிறோம். அதுவோ இருட்டில் சூடாக நின்று, சேமித்ததைச் செலவழித்துப் பட்டினி கிடக்கிறது.

டொராண்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கும் என் தங்கை மகன் ஒரு ஜனவரியில் கூப்பிட்டான். “மாமா, எலுமிச்சை இலை மொத்தமும் கொட்டிப்போச்சு. நல்லா வெயில் படற ஜன்னல்லதான் வெச்சிருக்கேன், தண்ணியும் தவறாம ஊத்தறேன்.” தொட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். டைல்ஸ் தரையில். அதுதான் காரணம். எலுமிச்சை இனத்தின் வேர் 13 டிகிரிக்குக் கீழே தூங்கிவிடும். ஜன்னலோரத் தரை அதைவிடக் குளிர்ந்தே இருக்கும். மேலே இலையில் வெயில் பட்டு நீர் ஆவியாகிறது. கீழே வேர் உறிஞ்சவில்லை. மரம் இலையை உதிர்த்துத் தப்பிக்கப் பார்க்கிறது. இலை கொட்டுவதைப் பார்த்து நாம் இன்னும் தண்ணீர் ஊற்றுகிறோம். தூங்கும் வேர் அழுகிவிடுகிறது. தொட்டியை முக்காலியில் ஏற்று, விரலை இரண்டு கணு வரை மண்ணில் விட்டுப்பார், காய்ந்திருந்தால் மட்டும் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்று என்றேன். அங்கே தமிழர் வீட்டுக் கறிவேப்பிலையும் இப்படித்தான் சாகிறது. குளிர்காலத்தில் இலையுதிர்த்து ஓய்வெடுக்கும் செடியை நோயாளி என்று நினைத்துத் தண்ணீரில் மூழ்கடிக்கிறோம்.

மற்றக் காரியங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரவு 12 டிகிரிக்கு இறங்கும்போதே தொட்டியை உள்ளே எடுத்துவிட வேண்டும். முதல் உறைபனிக்காகக் காத்திருப்பது தாமதம். எடுப்பதற்கு முன் இலையின் அடிப்புறத்தைக் கழுவவேண்டும், இல்லாவிட்டால் ஹீட்டரின் வறண்ட காற்றில் சிலந்திப்பேனும் செதில்பூச்சியும் மாவுப்பூச்சியும் வீட்டுக்குள் குடும்பம் நடத்தும். மேயில் வெளியே எடுக்கும்போது ஒரு வாரம், பத்து நாள் நிழலில் வைத்துப் பழக்கவேண்டும். நேரே வெயிலில் வைத்தால் இலை வெந்துவிடும். குளிர்காலத்துக்கு உரம் வேண்டாம். செடிவிளக்கு வாங்கக் காசிருந்தால் ஹீட்டருக்கு முன் அதை வாங்குங்கள்.

பூத்த பிறகு இன்னொரு சிக்கல். வீட்டுக்குள் ஈ ஏது, வண்டு ஏது? மாம்பூவில் மகரந்தச் சேர்க்கையைச் செய்வது பெரும்பாலும் ஈக்கள்தான். ஜன்னலுக்குள் நிற்கும் மரத்துக்கு மெல்லிய தூரிகைதான் ஈ. சீத்தாவும் செரிமோயாவும் இன்னும் அடம். ஒரே பூ முதலில் பெண்ணாகவும் பிறகு ஆணாகவும் நடக்கும். சூல்முடி ஈரமாக இருக்கும் நேரத்தில் அதன் சொந்த மகரந்தம் தயாராக இருக்காது. மாலையில் இதழ் நன்றாக விரிந்த பூவிலிருந்து மகரந்தத்தைத் தட்டிச் சிறு டப்பாவில் சேர்த்து வைத்து, மறுநாள் காலை இதழ் லேசாகப் பிளந்த பூவுக்குள் தூரிகையால் தடவவேண்டும். ஸ்பெயினின் கிரனாடா கடற்கரையில் செரிமோயாத் தோட்டம் முழுக்க ஆட்கள் இப்படிக் கையால்தான் செய்கிறார்கள். அன்னாசிக்குப் பிரச்சினை பூவைத் துவக்குவதில். நம் ஊரில் எத்ரலோ கார்பைட் கரைசலோ குருத்தில் ஊற்றுவார்கள். வீட்டில் அதற்கு அவசியமில்லை. வளர்ந்த செடியைப் பழுத்த ஆப்பிளோடு சேர்த்துப் பாலித்தீன் பையால் சில நாள் மூடினால், ஆப்பிள் விடும் எத்திலீன் வாயுவே வேலையைச் செய்துவிடும்.

கன்று எங்கிருந்து? ஊருக்கு வந்து போகிறவர்கள் பெட்டியில் மாங்கொட்டையும் கறிவேப்பிலைக் கன்றும் ஒளித்து வைப்பது பழைய பழக்கம். செய்யாதீர்கள். தாவர நலச் சான்றிதழ் இல்லாத செடி விமான நிலையத்தில் குப்பைக்குத்தான் போகும். சில நாடுகளில் அபராதமும் உண்டு. காரணமும் நியாயமானது. மாங்கொட்டைக்குள் கூன்வண்டு இருக்கும். எலுமிச்சை இனத்தைப் பசுமையாக்கல் நோயால் அழிக்கும் கிருமியைச் சுமக்கும் பூச்சி, கறிவேப்பிலையில் சொகுசாக வாழும். தவிர, கொட்டை போட்டு மல்கோவா எதிர்பார்ப்பதும் ஏமாற்றம். தென்னிந்திய மா ரகங்களில் பெரும்பாலானவற்றின் கொட்டை தாயைப் போல முளைக்காது. மேற்குக் கரையின் ஒலூர், சந்திரக்காரன் போன்ற பல கரு உள்ள ரகங்கள் மட்டும் விதிவிலக்கு. கொட்டை மரம் காய்க்க ஆறேழு வருஷம். ஒட்டுக்கன்று மூன்று நாலு வருஷத்தில் காய்க்கும். தொட்டிக்கு நீலமும் தசேரியும் சேர்ந்து பிறந்த அம்ரபாலி, அமெரிக்காவில் கிடைக்கும் பிக்கரிங் போன்ற குள்ள ரகங்களை அந்தந்த நாட்டு நர்சரியிலேயே வாங்கலாம்.

ஒரே ஒரு மரம்தான் வைக்க முடியும் என்றால் நான் கொய்யாவைச் சொல்வேன். புதுத் துளிரில் பூக்கும் மரம் என்பதால் வெட்ட வெட்டக் காய்க்கும். தொட்டிக்கு இதைவிட வசதி வேறு ஏது? லேசான உறைபனியில் மேல்பகுதி கருகினாலும் அடியிலிருந்து துளிர்க்கும், இரண்டாம் வருஷமே காய் பார்க்கலாம். அடுத்தது எலுமிச்சை, அதற்கடுத்து ஊதாத் தாட்பூட். மா நாலாவது. பலா, மங்குஸ்தான், ரம்புட்டான் மூன்றையும் பனிநாட்டு வீட்டுக்குள் முயல்வது பொழுதுபோக்கு; பழத்துக்காக இல்லை என்று தெரிந்து செய்தால் தவறில்லை.

கல்வராயனுக்கு வரிசை வேறாகும். அங்கே பலாவும் நெல்லியும் எலுமிச்சையும் கொய்யாவும் ஏற்கனவே வேர்விட்டவை. மலையின் சேலம் பக்கத்தில் கருமந்துறை அரசுத் தோட்டக்கலைப் பண்ணையும் இருக்கிறது. இவற்றோடு 3,000 அடிக்கு மேலே சேர்த்துப் பார்க்கவேண்டியவை டி.கே.டி.1 பட்டர் ஃப்ரூட், மலைவாழை, ஊதாத் தாட்பூட், சோதனையாக நாலைந்து லிச்சி. மாவை 3,000 அடிக்குக் கீழேயே நிறுத்திக்கொள்வது நல்லது. மேலே போகப் போகச் சாம்பல் நோய்க்கு மருந்தடித்தே காசு கரையும். கன்று வைக்கும் இடம் ஓடைப் பள்ளத்துக்கு மேலே, காலை வெயில் முதலில் விழும் கிழக்குச் சரிவு. அந்த மலையில் இளங்கன்றைக் கொல்வது மார்கழிக் குளிரைவிட மாசி, பங்குனி வறட்சிதான். முதல் இரண்டு கோடைக்கும் கன்றோரம் திரி போட்ட பானை ஒன்று புதைத்து, வாரம் ஒருமுறை நிரப்பி வந்தால் போதும்.